கல்லுக்கையாரும் பஞ்சுத் திரியும்

இருநூறு பேர் சாப்பிடும் தொழிலாளர் விடுதியின் சமையல்கட்டில் அவருக்குப் பேர் கல்லுக்கையார். கொதிக்கிற அண்டாவைத் துணி இல்லாமல் வெறுங்கையால் பிடித்து இறக்குவார். கஞ்சி வடிக்கும்போது ஆவி கையில் அடித்தாலும் முகம் சுளிக்க மாட்டார். "அண்ணனுக்கு அது கையா, இடுக்கியா?" என்று சாப்பிட வந்தவன் ஒருத்தன் கேட்டால் போதும், இன்னொரு அண்டாவையும் தூக்கிக் காட்டுவார். கடல் தாண்டி வந்து பத்து வருஷமாக அடுப்போடு கிடக்கிற மனுஷனுக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். அதுவும் ஒன்றரை வருஷமாகத்தான்.

இடது முழங்கைக்குக் கீழே வெளுத்த வட்டம் ஒன்று இருந்தது. தேமல் என்று விட்டுவிட்டார். ஊரில் நர்சிங் படிக்கும் மகள் வீடியோவில் அதைப் பார்த்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

"அந்த இடத்துல கிள்ளிப் பாருப்பா. வலிக்குதா?"

கிள்ளினார். ஒன்றும் தெரியவில்லை. "வலிக்குதும்மா" என்றார். படிக்கிற பிள்ளையை எதற்குக் கலங்கடிக்க வேண்டும்?

போன வாரம் உள்ளங்கைத் தோல் அண்டாவோடு ஒட்டிக்கொண்டு போனது. சோற்றுக்கு நின்றவன் அலறியபிறகுதான் அவரே பார்த்தார். மேற்பார்வையாளர் பெரியாஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த நாட்டுப் பாஷை தெரிந்த கொத்தனார் துணைக்கு வந்தார். போன வருஷம் இதே பிரிவுக்கு வேறொருத்தனைக் கூட்டிவந்தவர் அவர். அவன் விடுதிக்குத் திரும்பியது பெட்டி கட்டத்தான்.

நாற்காலி வரிசை முழுக்க ஆளாளுக்குச் சொறிந்துகொண்டிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தது கல்லுக்கையார் மட்டும்தான்.

"கண்ணை மூடச் சொல்லுவாங்கண்ணே. பஞ்சைத் திரிச்சு அதால தொடுவாங்க. தொட்டா ஆமான்னு சொல்லணும்."

"எனக்குத் தெரியலேன்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்? தொடறப்ப இருமுறேன்."

"கண்டுபிடிச்சிட்டா?"

"ஆஸ்பத்திரியில இருமுறவனை எவன்ணே சந்தேகப்படுவான்?"

கல்லுக்கையாருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மெல்லச் சொன்னார். "ரெண்டு வருஷம் தம்பி. அவ படிப்பு முடியட்டும். அப்புறம் இவங்க என்ன அனுப்பறது, நானே போயிருவேன்."

டாக்டரம்மா சின்ன வயசு. உள்ளங்கைப் புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்த்தவர், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இவர் கண்ணை மூடினார்.

இருமல். "ஆமா."

மறுபடி இருமல். "ஆமா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஓர் இருமல், அதன் மேலேயே இன்னொன்று, நிற்காமல் இன்னும் இரண்டு. "ஆமா, ஆமா, ஆமா" என்று விடாமல் சொன்னார் கல்லுக்கையார்.

கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மா தூரத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். பஞ்சு குப்பைத் தொட்டியில் கிடந்தது. கொத்தனார் சுவரைப் பிடித்துக் குனிந்து, கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தார். இருபது வருஷ சிமெண்டுத் தூசி. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மெல்ல இழுத்ததுமே அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதற்குமேல் அவர் பேசப் பேச, கொத்தனாரின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"தொழுநோய்தானாம்ணே. சதையைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்து முடிவா சொல்லுவாங்களாம். மாத்திரையிலயே குணமாயிருமாம். மாத்திரை ஆரம்பிச்சிட்டா யாருக்கும் ஒட்டாதாம். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா விரல் மடங்கிப் போயிருக்குமாம்."

"அப்ப இங்கேயே மாத்திரை தின்னுக்கிட்டு வேலை பார்க்கலாம்ல? கேளு."

கேட்டார். டாக்டரம்மா பேனாவை மூடினார். ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

"கம்பெனிக்கு எழுதித்தான் ஆகணுமாம்ணே."

தாழ்வாரத்துக்கு வந்ததும் போன் அடித்தது. சீருடையில் மகள். "டாக்டர் என்னப்பா சொன்னாங்க?"

அவர் போனைக் கொத்தனாரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அந்த வெளுத்த வட்டத்தில், அவள் பார்க்கும்படி, நகம் பதியக் கிள்ளினார்.

"வலிக்கலம்மா. அன்னைக்கும் வலிக்கல."

நர்சிங் படிக்கிறவளுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "எப்பப்பா வர்றே?" என்றாள்.

பத்து வருஷமாக அவள் கேட்கிற கேள்விதான். கொத்தனார் போனைப் பிடித்தபடியே முகத்தை மட்டும் திருப்பி, நெஞ்சில் ஏறிய இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்.