ஜோடிக் காயை வெட்டலாமா?

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது என் கணவர் போனில் கூப்பிட்டார். "அண்ணி போயிட்டாங்க" என்றார். ரயில் வந்து போனது. நான் ஏறவில்லை.

தனம் அக்காவை இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு இறால் ஏலத்தில் கேட்கும் உரத்த குரலாகத் தெரியும். எனக்கு அவர் ஓரகத்தி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

நான் பிறந்தது எளாவூர். தாயம் ஆடும்போது ஒரே கட்டத்தில் ஜோடியாக நிற்கும் காய்களையும் ஒற்றைக் காயால் வெட்டலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்தக் குப்பத்தில் ஜோடியைத் தொடக் கூடாது. அது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் ஜோடியை வெட்டிவிட்டேன். அவை நடுக் கட்டத்துக்குப் போய்ப் பழமாக நாலு கட்டம்தான் பாக்கி.

"இன்னாடி இது? வந்த எடத்துல உன் சட்டம் பேசறியா?"

"தோக்கும்போதுதான் உங்களுக்குச் சட்டம் ஞாபகம் வருமா?" என்றேன், நாலு பேர் முன்னால். அவர் காய்களை வாரி வீசிவிட்டுப் போனார். எட்டு மாதம் பேச்சில்லை.

ஐப்பசியில் எங்கள் கணவர்கள், அண்ணன் தம்பி இருவரும், ஒரே படகில் கடலுக்குப் போனார்கள். காலையிலேயே திரும்ப வேண்டியவர்கள் மதியம் இரண்டாகியும் வரவில்லை. காற்று ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு போனும் கிடைக்கவில்லை. முகத்துவாரத்தில் அலை வழிவிடாது என்று கரையில் பேசிக்கொண்டார்கள். நான் என் வாசலிலும் அக்கா அவர் வாசலிலும் உட்கார்ந்திருந்தோம்.

திடீரென அவர் எழுந்து வந்தார். கையில் கரித்துண்டும் தாயக்கட்டையும். என் வாசல் சிமெண்டில் கட்டம் போட்டார்.

"இப்டியே பாத்துகினு இருந்தா பைத்தியம் புடிச்சிரும். ஆடு. உங்க ஊரு சட்டமே வெச்சிக்கோ."

ஆடினோம். தெருவில் யார் ஓடினாலும் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். ஒரு கட்டத்தில் எனக்கு ஆறு விழுந்தது. சரியாக ஆறாவது கட்டத்தில் அவருடைய காய்கள் இரண்டும் சேர்ந்து நின்றன.

"வெட்டுடி."

"வேணாங்கா."

அந்த ஜோடியில் படகில் இருக்கும் இருவரைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் தெரியவில்லை. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் கட்டையை எடுக்கப் போனார். இரண்டு முறை தவறவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாலு மணிக்குமேல் பக்கத்துக் குப்பத்துப் படகு ஒன்று அவர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் நின்றுபோயிருந்தது. என் கணவருக்கு முழங்கை எலும்பு முறிந்திருந்தது. அண்ணன் தம்பி இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

மறுநாள் குழம்புச் சட்டியோடு வந்த அக்கா, "இனிமே ஆட்டத்துக்கு முன்னாடியே கேட்டுக்கணும், எந்த ஊரு சட்டம்னு. கேக்காதது என் தப்புதான்" என்றார். என் தப்பை நான் சொல்லும் முன்பே தன் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகும் சொல்லவில்லை. இன்று உங்கள் முன் சொல்கிறேன்: நாலு பேர் முன்னால் அவரை அப்படிப் பேசியது என் தப்பு.

எங்கள் இரண்டு வாசலுக்கும் இடையில் பத்தடி இருக்காது. அந்த எட்டு மாதமும் அதைக் கடக்க நான் தினமும் நினைத்தேன். கடந்து வந்தவர் அக்கா. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பத்தடிதான்.