இரண்டு விரல் இடம்

"குட்டியா, பெருசா? மொதல்ல அதச் சொல்லுங்க" என்கிறார் மீரான். ஆட்டுக்குக் கயிறு கேட்டு வந்தவர் விழிக்கிறார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையில் நைலான் கயிறு நீலமும் பச்சையுமாகத் தொங்குகிறது. ஆனால் வளர்கிற குட்டிக்கு என்றால் அதை விற்கமாட்டார். தேங்காய் நார்க் கயிறுதான். "நைலான் மக்காதுங்க. கழுத்து வளரும், கயிறு வளராது." பெரிய ஆடு என்றால் சும்மா விடுவாரா? ஆட்டைக் கடை வாசலுக்கே ஓட்டிவரச் சொல்லி, தானே கட்டி, கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்துத்தான் அனுப்புவார். வியாபாரம் பண்ணுகிறவன் செய்கிற வேலையா இது?

நான் போனது கிணற்றுக்குக் கயிறு வாங்க. கிணறு வளராது பாய் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து கடிகார வாருக்குள் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. "இறுக்கமா இருக்குங்களே சார்" என்று வருத்தப்பட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கை, என் கடிகாரம், இவருக்கென்ன?

மீரானுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. ஆட்டு வியாபாரக் குடும்பம். வெள்ளாற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்க்காதவர், துபாய்க்குப் போய் மீன்பிடி லாஞ்சில் வலை இழுக்கிற கலாசி வேலை பார்த்தார். "மொத மாசம் பூரா வாந்திதாங்க." ஊர் திரும்புகிறவர்கள் சென்ட் பாட்டிலும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஓர் ஆமையைப் பற்றிய கவலை.

நடுக்கடலில் யாரோ விட்டுப்போன வலைக் குப்பை மிதந்திருக்கிறது. அதில் அந்த ஆமை சிக்கிக் கிடந்தது. லாஞ்சில் தூக்கி மல்லாக்கப் போட்டு, மீன் அறுக்கிற கத்தியால் மீரானே வலையை அறுத்தார். கழுத்து விடுபட்டது, வயிறு விடுபட்டது. முன்கை ஒன்றில் மட்டும் நைலான் ஒரு வளையமாக மாட்டியிருந்தது. ஆமையின் முன்கை துடுப்பு போல இருக்கும். மீரான் கை என்றுதான் சொல்லுவார். அதை அறுக்கப் போனபோது கத்தி நுனி பட்டு ரத்தம் வந்தது. ஆமையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மீரான் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாகப் போனது. ஆட்டுக்குப் போதும் என்றால் ஆமைக்குப் போதாதா? வளையத்தோடு கடலில் விட்டுவிட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்குப் பெருமைதான்.

பெருமை போனது கடை வைத்த பிறகு. அரும்பாவூர்ப் பூமாலை ஒரு கிடாக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மீரான் கடையில் வாங்கிய நைலான் கயிறு அதன் கழுத்துச் சதைக்குள் புதைந்து கிடந்தது. "நீங்க சொன்னாப்புலதான் பாய், ரெண்டு வெரல் வுட்டுக் கட்டுனேன். வளந்துருச்சு. அவுத்துக் கட்ட மறந்துட்டேன்." மீரானுக்கு அந்த ஆமையின் கைதான் ஞாபகம் வந்ததாம். ஆட்டுக்கு அவிழ்த்துக் கட்டப் பூமாலை இருக்கிறார். ஆமைக்கு யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து யார் கிடைத்தாலும் ஒரே கேள்விதான். "ஆமை எது வரைக்குங்க வளரும்?" மாட்டு டாக்டர், பெரிசாக இருந்தால் வளர்ச்சி நின்றிருக்கும் என்றார். மீரான் அன்றைக்குப் பிரியாணி சாப்பிட்டார். விலங்கியல் வாத்தியார், ஆமை ரொம்ப காலம் வளரும் என்றார். மறுநாள் கடை திறக்கவில்லை. அதே வாத்தியார், கண்ணில் வந்தது அழுகை இல்லை, கடல் ஆமை உப்பை அப்படித்தான் வெளியேற்றும் என்றும் சொல்லிவைத்தார். அது இன்னும் வினையாகப் போயிற்று. "அப்ப அதுக்கு வலிக்கலியா? இல்ல, வலிச்சும் அழுவலியா?" ஆமை எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். தைரியமாக இருக்கிற நாளில் அது வண்டிச் சக்கரம். பயந்த நாளில் சாப்பாட்டுத் தட்டு.

"எனக்கு வளையல் வாங்கியாந்தாலும் வெரல வுட்டுப் பாக்குறாரு சார்" என்று அவர் மனைவி சாகிரா தலையில் அடித்துக்கொள்கிறார். "பொண்டாட்டி வளரமாட்டா, போட்டு வுடுங்கன்னா கேக்குறாரா?"

செந்துறையில் ஒரு கொல்லரிடம் சொல்லி மீரான் கத்தி அடித்து வாங்குகிறார். நுனி மொண்ணை, வளைவின் உள்பக்கம் மட்டும் பதம். கயிற்றைக் கொக்கி மாதிரி இழுத்து அறுக்கும், தோலைக் குத்தாது. லாஞ்சு வேலைக்குப் போகிற பையன்களுக்கெல்லாம் ஒன்று. குழப்பத்தில், தையல் கடை வேலைக்குப் போனவனுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். "எனக்கெதுக்கு பாய்?" என்று அவன் கேட்க, "கடற்கரைக்கு வாக்கிங் போவமாட்டியா?" என்றாராம். கத்தியோடு பாடமும் உண்டு: "கண்ணு மேல ஈரத்துணி போடு. அவசரப்படாத. ஒரு நூலுகூட வுட்டு வைக்காத."

போன வெள்ளிக்கிழமை நான் கடையில் இருக்கும்போது அவர் தங்கை மகன் ஜமால் முகமது வந்தான். துபாயில் லாஞ்சு வேலை பார்ப்பவன், லீவில் வந்திருந்தான். சலாம் சொன்ன கையோடு, "மாமா, ஒங்க கத்திக்கு வேலை வந்துச்சு" என்றான்.

மீரான் எழுந்துவிட்டார்.

"வலையில ஒரு ஆமை மாட்டியிருந்துச்சு. வலையைத் தவிர, முன்னங்கையில தனியா ஒரு கயிறு. பழசு. சதைக்குள்ள பாதி எறங்கிருச்சு."

"உசிரு?"

"நல்லா இருந்துச்சு மாமா. நீங்க சொன்ன மாதிரி பையப் பைய அறுத்தோம். ஒரு நூலு வுடல. தண்ணியில வுட்டதும் பறந்துருச்சு."

"கயிறு என்ன கலரு?"

"பாசி புடிச்சுக் கெடந்துச்சு. தெரியல."

"எந்தக் கை?"

"வலது."

மீரானின் முகம் செத்துப்போயிற்று. அவருடைய ஆமைக்கு இடது. இந்தப் பயல் ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"இரு இரு" என்றார் மீரான். "நான் மல்லாக்கல்ல போட்டிருந்தேன். என் இடது கைப் பக்கம் இருந்துச்சு. அப்ப அதுக்கு எது?" என்னைப் பார்த்தார். நானும் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். குழம்பிவிட்டது.

ஜமாலைக் கயிற்று மூட்டைமேல் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். தலைமாட்டில் நின்று இடது கையை நீட்டினார். ஜமாலின் இடது கைதான் அகப்பட்டது. ஓடிப்போய்க் கால்மாட்டில் நின்று நீட்டினார், வலது கை! "யா அல்லா, நான் எங்கே நின்னேன்?" மறுபடி தலைமாடு, மறுபடி கால்மாடு. ஜமால் சிரிக்கவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் கிடந்தான்.

கடைசியில் மீரான் தலைமாட்டிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். ஜமாலின் இடது கையில் கடிகாரம். வாருக்குள் விரல்களை விட்டார். இரண்டும் தாராளமாகப் போயின. இருந்தும் வாரைக் கழற்றி, கடிகாரத்தை அவன் சட்டைப் பையில் போட்டார். வெயிலில் கறுத்த மணிக்கட்டில் வார் கிடந்த இடம் மட்டும் வளையமாக வெளுத்திருந்தது. அதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.