இரும்புக்கு ஊற்றிய வோட்கா

புருல்சாவின் மாமியார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த இடத்துக்கு லாரி வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் முதலில் அதைத்தான் எழுப்ப வேண்டும். அடுப்புத் தணலை வாரிக்கொண்டு போய், குளிரில் விறைத்த அதன் வயிற்றுக்கு அடியில் வைத்த பிறகுதான் வீட்டில் தேநீர். அதற்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்றைக்கு யாருக்கும் ரொட்டி தொண்டையில் இறங்காது.

எல்லைக் காவல் படை முகாமைக் காலி செய்தபோது விட்டுப்போன ஜில் என்கிற ராணுவ லாரி அது. ஆறு சக்கரமும் இழுக்கும். அலாய்ப் பள்ளத்தாக்கில் ஆளாளுக்கு முகாமின் கதவு, ஜன்னல், தகரம் என்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். அவள் புருஷன் கல்டார் மட்டும் யாக் மாடுகளை விற்று லாரியை வாங்கினான். ஊர் சிரித்தது. "இது குடிக்கிற பெட்ரோலுக்கு அடுத்து உன் பொண்டாட்டியத்தான்டா விக்கணும்" என்றார்கள். அவன் பெட்ரோல் எஞ்சினையே கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றை வைத்தான். அது உட்காரவில்லை என்று சட்டத்தை வெட்டினான், ஒட்டினான். முன்மூடி மூடவில்லை என்று மூக்கை நீட்டினான். பின்னால் ராணுவத்தின் ரேடியோக் கருவிகள் இருந்த தகரப் பெட்டியில் பெஞ்சு போட்டு, கரியடுப்பு வைத்து, கூரை வழியே புகைக்குழாய் விட்டான். பனிவிழும் மாதங்களில் மலைக்கணவாயைத் தாண்ட ஊரில் வேறு வண்டி கிடையாது. சிரித்த வாய்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து வெல்லம் மென்றுகொண்டு போயின.

பெட்டியில் ஒன்றுதான் புருல்சாவுக்குப் பிடிக்காது. ஆட்டத்தில் கதவு திறந்துகொள்கிறது என்று கல்டார் வெளியே ஒரு கொக்கி போட்டிருந்தான். உள்ளே இருப்பவர்கள் தாமாக இறங்க முடியாது. தகரத்தை ஓங்கித் தட்டினால், ஓட்டுகிறவனுக்குக் கேட்டால் உண்டு. 

வண்டியில் அப்பனுக்குப் பக்கத்தில் மகன் தாலாய் உட்காருவான். இருபத்திரண்டு வயது, ஒற்றைப் பிள்ளை, மீசை சரியாக முளைக்கவில்லை என்று அவனுக்கே வருத்தம். அவன் வேலை கட்டை. பனிச்சரிவில் லாரி வழுக்க ஆரம்பித்தால் கைப்பிடி வைத்த மரக்கட்டையோடு குதித்து ஓடி, சக்கரத்துக்கு முன்னால் திணிக்க வேண்டும். எஞ்சின் மாற்றியதிலிருந்து கைப்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய கல்டாருக்கு ஒவ்வொரு கோடையிலும் வேறு வேலை வந்துவிடும். "கைப்பிரேக் எதுக்கு, அதான் தாலாய் இருக்கானே" என்று ஊரில் கேலி பேசுவார்கள். தாலாயும் சேர்ந்து சிரிப்பான். புருல்சா சிரித்ததில்லை.

கால்பிரேக் காற்றில் வேலை செய்வது. எஞ்சின் காற்றைப் பிடித்துத் தொட்டியில் அடைக்கும். மிதித்தால் அந்தக் காற்று குழாய் வழியே ஓடிச் சக்கரத்தைப் பிடிக்கும். காற்றோடு ஈரமும் போகும். கடுங்குளிரில் அந்த ஈரம் குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டால் மிதிப்பதும் ஒன்றுதான், மிதிக்காததும் ஒன்றுதான். அதற்கு அந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் உண்டு. குழாயின் மூடியைத் திருகி ஒரு குவளை வோட்கா ஊற்றுவார்கள். ஈரம் உறையாது. ஆண்பிள்ளைகளிடம் விட்டால் பாதி தொண்டைக்குப் போய்விடும் என்று கல்டார் அதைப் பெண்டாட்டியின் பொறுப்பில் விட்டிருந்தான். வாரம் ஒரு குவளை.

"இரும்புக்கு ஊத்திட்டியா?"

"ஊத்தியாச்சு. இன்னும் கொஞ்சம்னு கேட்டுது, குடுக்கல."

பிறகு கல்டார் தொழுகைக்காரன் ஆனான். நல்லதுதான். குடி நின்றது, கை நீட்டுவது நின்றது. புருல்சா அதற்காக ஐந்து வேளையும் நன்றி சொன்னாள். ஆனால் அந்த மனுஷனுக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. உறவில் ஒருவர் இறந்தபோது, மற்ற ஆண்கள் வழக்கப்படி வாசலிலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு போக, இவன் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தான். சத்தம் போட்டு அழுவது மார்க்கத்துக்கு ஆகாதாம். இனி எந்தச் சாவுக்கும் ஓலமிட மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியும் விட்டான். வீட்டிலிருந்த வோட்காவை மண்ணில் கொட்டினான். லாரிக்கும் கூடாது என்றான்.

"குடிக்கிறது இரும்புங்க. இரும்பா நரகத்துக்குப் போகப்போவுது?"

"செத்தவங்க மையத்தையும் இதுலதான் ஏத்துறேன், முல்லாவையும் இதுலதான் ஏத்துறேன். சாராயத்த உள்ள வச்சுக்கிட்டா? தெனம் சாயங்காலம் காத்துத் தொட்டியில தேங்குற தண்ணிய தொறந்து விட்டாப் போதும். மிச்சத்த அல்லா பாத்துக்குவான்."

முல்லாவைக் கேட்டிருந்தால் அவரே சிரித்துக்கொண்டு ஊற்றச் சொல்லியிருப்பார். அவன் கேட்கவில்லை. கேட்டால் அவன் கல்டாரா?

அந்த வருஷம் முதல் உறைபனி விழுந்ததும் புருல்சா கடைக்குப் போய், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் வாங்கினாள். வெள்ளிக்கிழமை மதியம் அவன் பள்ளிவாசலுக்குப் போனதும் ஒரு குவளை ஊற்றினாள். மிச்சத்தைக் கரிக்குவியலில் புதைத்தாள். தாலாய்க்குக்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் இப்படியே போயிற்று. தொழுகைக்காரன் பெண்டாட்டி ஒளிந்து குடிக்கிறாள் என்று ஊரில் கிசுகிசு கிளம்பியது. அதையும் பொறுத்துக்கொண்டாள். வசந்தம் வரட்டும், அவனே லேசாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வசந்தம் வருவதற்குள் அவன் பள்ளிவாசலில் எழுந்து நின்று பேசிவிட்டான். "ஒரு சொட்டு ஊத்தல. ஒரு நாள் உறையல. நம்பினவன அவன் கைவிட மாட்டான்." பேசும்போது அவன் கண்ணில் தண்ணீர் நின்றதாம். ஜென்மத்தில் எதையும் நம்பாத மனுஷன் ஒன்றை நம்புகிறான், அதை எந்த வாயால் உடைப்பது? அவள் சொல்லவில்லை. மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. ஊரில் வேறு இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டு வோட்கா ஊற்றுவதை நிறுத்தினார்கள். நல்லவேளை, அவர்கள் கணவாய் ஏறுகிறவர்கள் அல்ல.

நாலாவது குளிர்காலம் மோசமாக வந்தது. கட்டியிருந்த குதிரை நின்றபடியே செத்தது. அப்படியொரு வியாழக்கிழமை விடியலில், கணவாய்க்கு அந்தப் பக்கம் குல்ச்சாவில் இருந்த புருல்சாவின் அக்கா ஜூரா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அக்காவின் மகன் மிர்லான் பின்னாலேயே ஜீப்போடு வந்து நின்றான். மற்ற உறவுக்காரர்களைக் கூட்டிப்போக மறுநாள் இன்னொரு ஜீப் வரும் என்றான். புருல்சா போட்டது போட்டபடி ஏறிவிட்டாள். கணவாயில் ஏறும்போதுதான் நாளை வெள்ளிக்கிழமை என்று நினைப்பு வந்தது. லாரி எங்கே போகப்போகிறது, வீட்டில்தானே நிற்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமையும் ஊற்றவில்லை என்பது அப்புறம் உறைத்தது. அன்று அவன் சளி என்று வீட்டிலேயே இருந்துவிட்டான்.

குல்ச்சாவில் அக்காவை முற்றத்துக் கூடாரத்தில் திரைக்குப் பின்னால் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் உள்ளே, சுவரைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் வெளியே கம்பை ஊன்றி நின்று ஓலமிட்டார்கள். ஒவ்வொரு கூட்டமாக உறவுக்காரர்கள் வரும்போதும் வாசலிலிருந்தே ஆண்களின் ஓலம் கேட்கும். உள்ளேயிருந்து பெண்கள் பாட்டாலே பதில் சொல்வார்கள். கூடப்பிறந்தவள் எழுந்து போகக் கூடாது. புருல்சா அன்று முழுக்க அழுதாள். அக்கா அவளைத் தூக்கி வளர்த்தவள்.

மறுநாள் காலை ஐம்கான் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர்ப்பட்ட சேதியும் அவள் வாயில்தான் இருக்கும்.

"அடி புருலு, உன் ஊட்டுக்காரன் நல்ல மனுஷன்டி. வரேன்னு சொன்ன ஜீப்பு படுத்துக்கிச்சாம். நான் இருக்க யாரும் நடந்து போக வேணாம்னு லாரிய எடுத்துட்டானாம். உங்க ஆளுங்க அம்புட்டுப் பேரும் பொட்டிக்குள்ளதான் வராங்க, புள்ள குட்டியோட."

 புருல்சா சுவரைப் பார்த்தபடியே மடியிலிருந்த போனை எடுத்தாள். இரண்டு முறை அடித்து அடித்து நின்றது. மூன்றாவது முறை கல்டார் எடுத்தான்.

"என்ன, எல்லாரும் வந்தாச்சா? நாங்க கணவாய்க்குக் கீழ நிக்கிறோம். இப்ப ஏறிடுவோம்."

"ஏங்க... பிரேக்கு..."

"பிரேக்குக்கு என்ன?"

பக்கத்தில் ஐம்கான் அத்தை ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் நாத்தனார்கள் திரும்பிப் பார்த்தார்கள். செத்த வீட்டில் உட்கார்ந்து வோட்கா என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக உங்களை ஏமாற்றினேன் என்று சொல்ல வேண்டும். 

"குளுரு ரொம்ப இருக்குங்க. பாத்து வாங்க. இல்லாட்டி நாளைக்கு வரலாமே."

"மதியம் அடக்கம். நாளைக்கு வந்து யாரைப் பாக்க? அடி பைத்தியமே, மூணு வருஷமா உறையாததா இன்னைக்கு உறையப்போவுது? பொட்டிக்குள்ள எல்லாம் தூங்கி வழியுதுங்க, அவ்ளோ கதகதப்பு."

"தாலாய்கிட்டக் குடுங்க."

"கீழ எறங்கிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிட்டு இருக்கான். டேய், உங்கம்மாடா." கொஞ்ச தூரத்தில் தாலாயின் குரல் கேட்டது. "கையெல்லாம் கிரீசு, வந்து பேசுறேன்னு சொல்லுப்பா."

"கேட்டுதா? வைக்கிறேன்."

அவள் மறுபடி அடித்தாள். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்றுதான் அடித்தாள். யார் காதில் விழுந்தாலும் விழட்டும். ஆனால் லாரி அதற்குள் மலைக்குள் போய்விட்டது, அங்கே போன் எடுக்காது. அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.

"யாருக்குடி?" என்றாள் ஐம்கான் அத்தை.

"ஊட்டுக்கு. கன்னுக்குட்டிய உள்ள கட்டச் சொல்ல மறந்துட்டேன்."

ஏறும்போது பயமில்லை, எஞ்சின்தான் இழுக்கும். தாண்டிய பிறகு இந்தப் பக்கம் பாம்பாக வளைந்து வளைந்து இறங்குகிற பாதை. புருல்சா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வளைவாக இறங்கினாள். அழுதுகொண்டே இருந்தாள், அக்காவுக்கு அழுகிறாள் என்று பெண்கள் முதுகைத் தடவினார்கள். வாசலில் ஒரு ஓலம் கேட்டது.  சோபு கொர்கான் ஊரிலிருந்து வந்த ஆட்கள். இன்னொரு ஓலம். பக்கத்துத் தெரு. கல்டார் வந்தால் ஓலமிட மாட்டானே, சத்தமில்லாமல்தானே வருவான் என்று அவளுக்குப் பட்டது. அதன் பிறகு வாசல் சும்மா கிடந்த ஒவ்வொரு நிமிஷமும் ஆறுதலாக இருந்தது. இந்நேரம் வந்து ஆண்களோடு நின்றிருப்பான். தாலாய் கை கழுவத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பான். வந்து பேசுறேன் என்றானே.

அப்போது தெருக்கோடியில் ஓர் ஆள் ஓலமிட்டான். கிட்டத்தில் வரவரக் குரல் தெரிந்தது. நாலு வருஷமாக எந்தச் சாவுக்கும் திறக்காத வாய்.

"என் குதிரக்குட்டியே! என்ன விட்டுட்டுப் போனியே!"

கூடாரத்துக்குள் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெண்டாட்டியின் ஐம்பது வயது அக்காவுக்கு யாரும் குதிரைக்குட்டி என்று அழ மாட்டார்கள்.

பின்னால் வந்த கரிலாரியில் தாலாயைக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றாவது வளைவில் பிரேக் விட்டுப்போயிற்று. கட்டையோடு குதித்தான். முதல் தடவை சக்கரம் கட்டையைத் தள்ளிக்கொண்டே போயிற்று. ஓரத்துக்குக் கொஞ்சம்தான் இருந்தது. அவன் மறுபடியும் முன்னால் ஓடி, முட்டி போட்டு, கையை எடுக்காமல் பிடித்தான். லாரி அவன் மேல் ஏறி நின்றது. கொக்கியைக் கழற்றிக் கதவைத் திறக்கும்வரை பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிளாஸ்க்கைக் கவிழ்த்தது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

புருல்சாவை யாரும் வெளியே விடவில்லை. நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். மெல்லிய கம்பளிச் சுவருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், கல்டார் முல்லாவிடம் பேசுவது கேட்டது.

"மூணு குளிரு அல்லாவ நம்பி ஓட்டினேன். ஒரு சொட்டு ஊத்தல, உறையல. இந்தக் குளிருக்கு ஏன் கைவிட்டான்? நான் என்ன பாவம் பண்ணேன்? எந்தத் தொழுகைய விட்டேன்? சொல்லுங்க."

முல்லா, விதி என்று ஏதோ முணுமுணுத்தார்.

"இல்ல. என்கிட்ட ஏதோ தப்பு இருக்கு. என் தப்புக்குத்தான் என் புள்ளைய எடுத்துக்கிட்டான்."

ஒப்பாரியில் ஒரு பெண் எதைப் பாடினாலும் யாரும் குறுக்கே பேசக் கூடாது. அது அந்தப் பக்கத்து வழக்கம். மாமியாரைத் திட்டிப் பாடியவர்கள் உண்டு, புருஷனின் அடியைப் பாடியவர்கள் உண்டு. பிடித்திருந்த கைகளை விலக்கிவிட்டு புருல்சா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, குரலைத் தூக்கி, அவன் காதில் விழும்படி பாடினாள்.

"மூணு குளிரும் உறையலையே, என் கண்ணே,
மூடி தெறந்து ஊத்தினவ நான்தானே.
உங்கப்பன் தொழப் போன நேரம், என் கண்ணே,
ஒளிச்சு வச்சு ஊத்தினவ நான்தானே.
ஊத்தாம வந்தவ நான்தானே, என் கண்ணே,
போனுல பேசியும் சொல்லாதவ நான்தானே."

கூடாரத்தில் மற்றப் பெண்கள் கூடச் சேர்ந்து பாடவில்லை. வெளியே ஆண்களின் ஓலமும் ஒவ்வொன்றாக நின்றது. அவள் அதையே திரும்ப ஒரு தடவை பாடினாள். கல்டார் மட்டும், "என்ன சொல்றா இவ? என்ன ஊத்தினா?" என்று பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.