முதல் வரியில் ஸ்ரீ

துவாக்குடி ஹாஸ்டலிலிருந்து மகள் போன். "அப்பா, டெர்மினல்னு ஒண்ணைத் திறக்கச் சொல்றாங்க. கறுப்பா வந்து கம்முனு நிக்குது. என்னப்பா அடிக்கணும்?" அடடா, நம்மிடமும் ஒருத்தி கேட்கிறாளே என்று தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, "சரிப்பா, வீடியோல பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். எரிச்சலாக இருந்தது.

கறுப்புத் திரை என்றாலே எனக்கு ஏசி அறையின் ஈர வாடைதான். அந்தக் காலத்தில் தென்னூரில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். நான் வாத்தியார், கேளுங்கள். செருப்பை வாசலிலேயே விடவேண்டும், மிஷினுக்கு அவ்வளவு மரியாதை. மவுஸ் கிடையாது. கட்டளையை அடித்து எண்டர் தட்டவேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் 'தப்பான கட்டளை' என்று இங்கிலீஷில் சீறும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாயகி என்று ஒருவர் படிக்க வந்தார். என்னைவிட மூத்தவர். சர்டிபிகேட் வந்தால் அரியமங்கலத்தில் ஒரு பட்டறை ஆபீசில் வேலை நிச்சயம். வீட்டில் வேறு யாருக்கும் சம்பளம் இல்லை. ஆனால் மளிகைச் சீட்டுக்கே தலையில் 'ஸ்ரீ' போடுகிற குடும்பம். கம்ப்யூட்டரிலும் முதல் வரியில் ஆங்கில எழுத்தில் ஸ்ரீ அடித்து எண்டர் தட்டுவார். மிஷின் சீறும். அவர் பதறி, அடுத்த கட்டளையும் தப்பாகும்.

"மேடம், நேரா கட்டளையைப் போடுங்க."

"சரி சார்."

மறுநாளும் ஸ்ரீ. "பெருமாள் பேரைப் போய் தப்புங்கறதே சார்!"

தலையில் அடித்துக்கொண்டேன். பொறுக்கமுடியாமல் ஒருநாள், ஸ்ரீ என்றே பெயர் வைத்து ஒரு குட்டிக் கோப்பு எழுதினேன்; கோப்பின் பெயரை அடித்தால் அதுவும் ஒரு கட்டளை ஆகிவிடும். அதற்குப்பின் ஸ்ரீ அடித்தால் மிஷின் திரையைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தது. அவருக்கும் பதற்றம் போயிற்று. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பரீட்சை வேறொரு சென்டரில். அவர் உள்ளே போனபிறகுதான் உறைத்தது, கோப்பு எங்கள் மிஷினில் மட்டும்தானே இருக்கிறது! வாசலிலேயே காத்து நின்றேன்.

வெளியே வந்தார். "அங்கே அது இல்லை சார். அன்னிக்கு நீங்க பண்றச்சே பின்னாலே நின்னு பாத்துண்டிருந்தேன், அதேமாதிரி நானே பண்ணிண்டேன். கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் இல்லாம போயிடுத்து."

கட்டளையைச் சொந்தமாக உண்டாக்குவது என் பாடத்திலேயே இல்லை. அந்த வகுப்பில் அதைக் கற்றவர் அவர் ஒருவர்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பத்து நிமிஷத்தை இதுக்கா வீணாக்குனீங்க?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அந்தக் கேள்வியில்தான் பெயிலானார். பட்டறை வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவர் அப்புறம் வரவேயில்லை.

சென்டர் இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அடுத்த மாசம் மறுபடி எழுதலாம் மேடம் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்ல அந்தப் பரீட்சையே இல்லை.