களிமண் உருளை நசுங்கவில்லை!

ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை... இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் எனக்கு ஊரிகத்தில் நான் வேலை பார்த்த ஷூ யூனிட்தான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. தங்கம் எடுக்கும் மைனை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். பாறை விழுந்து கால் விரல் ஒன்றைச் சுரங்கத்திலேயே விட்டு வந்தவர் எங்கள் நைனா. என் தையல் வேலைதான் வீட்டுக்குப் பிடிமானம்.

அப்போது ஐரோப்பாவிலிருந்து சேஃப்டி ஷூ ஆர்டர் வந்தது. சர்டிபிகேட் கிடைத்தால்தான் கப்பல் ஏறும். இல்லையென்றால் யூனிட்டையே மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சென்னை லேபுக்குப் போன சாம்பிள் ஃபெயில்!

ஷூ முனையில் விரலைக் காக்க ஒரு இரும்புத் தொப்பி இருக்கும். அதற்கடியில் களிமண் உருளையை வைத்து, மேலே பெரிய எடையைப் போடுவார்கள். உருளை ஓரளவுக்கு மேல் நசுங்கக் கூடாது. எங்களுடையது நசுங்கிவிட்டது.

ஷூவை அறுத்துப் பார்த்த சூப்பர்வைசர் தேவகி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி இது... தொப்பிக்குள்ள மெத்த போட்டு வெச்சிருக்கீங்க?"

நாங்கள் எல்லாரும் மைன்காரர் வீட்டுப் பெண்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் விரலைப் பூட்ஸ் இரும்பு கடித்துப் புண்ணாக்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். போடப்போகிறவன் எந்த ஊர்க்காரனோ, மனசு கேட்கவில்லை. டிராயிங்கில் இல்லாத ஃபோமை ஆளாளுக்கு உள்ளே ஒட்டியிருந்தோம். அது விரலுக்கான இடத்தைத் தின்றுவிட்டது.

எல்லாவற்றையும் பிய்த்தோம். நடக்கும்போது இரும்பு கடிப்பது அதன் பின்விளிம்பில்தானே... அங்கே மட்டும் மெல்லிசாக ஒரு ஃபோம் பட்டி வைத்தோம்.

இந்த முறை நானும் அக்காவுமே சாம்பிளைத் தூக்கிக்கொண்டு, பங்காருபேட்டையில் ரயில் மாறிச் சென்னைக்குப் போனோம். டமாரென்று எடை விழுந்தது. லேப்காரர் உருளையை எடுத்து அளந்தார். "பாஸ்மா" என்றார், டீ குடிக்கப் போகிறவர் மாதிரி. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது... யாருக்கு வேண்டும் வளையல்!

வீடு திரும்பியபோது நைனா வாசலிலேயே நின்றிருந்தார்.

"மண்ணு நசுங்கிச்சா?"

"நசுங்கல நைனா."

குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப எவனோ ஒருத்தன் வெரலு தப்பிச்சிது. கெலிச்சிட்டீங்கமா."

இப்போது மைன் இல்லை, நைனாவும் இல்லை. சேஃப்டி ஷூவை எல்லாரும் போனிலேயே வாங்குகிறார்கள். பெங்களூர் போகும் காலை ரயிலில் யார் காலிலாவது அதைப் பார்த்தால், விரல் கடிக்கிறதா என்று கேட்டுவிடுவேன்.

"இல்ல ஆன்ட்டி" என்பார்கள்.

அக்காவாக இருந்த நான் ஆன்ட்டியாகிவிட்டேன், போகட்டும்... அந்த 'இல்ல'வைக் கேட்ட அன்றைக்கு முழுக்க நான்தான் ராணி.