எட்டு ஆசனமும் ஒரு தராசும்

விமானக் கம்பனியில் வேலை என்றால் வானத்தில் வேலை என்று நினைப்பீர்கள். எனக்கு அது நெடுந்தீவு இறங்குதுறையில், ஒரு தராசுக்குப் பக்கத்தில். கடலில் இறங்கிக் கடலிலேயே எழும்பும் எட்டு ஆசன விமானம் அது. நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இரண்டு வருசம் பறந்தது. சின்ன விமானம் என்பதால் பைகளோடு ஆட்களையும் நிறுத்துத்தான் ஏற்றவேண்டும். கவுண்டரில் நின்று சனத்திடம் ஏச்சு வாங்கிக் கட்டியவர்களுக்கு என் நிலைமை விளங்கும்.

முதல் நாள்

முதல் நாள் ஊரே துறைக்கு வந்துவிட்டது. வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது, பெருத்தது, தண்ணீரில் இரண்டு வெள்ளைக் கோடு கீறிக்கொண்டு வந்து நின்றது. ஒருவரும் கை தட்டவில்லை. பயிற்சியில் பலமுறை பார்த்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

விமானம் வரைக்கும் பயணிகளைத் தன் வள்ளத்தில் கொண்டுபோக வேண்டியவர் யேசுதாசன் அண்ணை. அவர் வள்ளத்தை மறந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். "முப்பது வருசமாய் இந்தக் கடலில ஓடுறன் பிள்ளை, இது இப்பிடி ஒண்டை மடியில வாங்கினதை நான் காணேல்லை."

சத்தமாய் வாசித்தது

நிறையைச் சத்தமாக வாசிக்கவேண்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதவேண்டும். கம்பனி அப்படித்தான் சொல்லித் தந்தது. முதற் கிழமையே ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தராசில் ஏறினார். பின்னால் கணவர், அவருக்குப் பின்னால் அரைவாசி ஊர். நான் "எழுபத்தெட்டு!" என்று கூவினேன். அன்றோடு எல்லா நிறையையும் வாய் திறக்காமல் நானே எழுதத் தொடங்கினேன் என்றால், ரீச்சர் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னதுதான் காரணம். "நாப்பது வருசம் பிள்ளையளுக்குப் புள்ளி போட்டனான் தங்கச்சி, ஒருத்தற்ர புள்ளியையும் இப்பிடிக் கத்தி வாசிக்கேல்லை."

மூன்று கிலோ

கந்தையா அண்ணைக்கு மாடுகளும் கொஞ்சக் காணியும் உண்டு. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. கிழமைக்கு மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் இரத்தம் சுத்திகரித்தே ஆகவேண்டும். அந்த உடம்போடு படகும் பஸ்ஸுமாக அலைய ஏலாமல், ஒரு வருசமாக மனைவியையும் வீட்டையும் விட்டுப் பட்டணத்தில் ஒரு அறையில் கிடந்தவர். விமானம் வந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். காலையில் போவார், பின்னேரம் வருவார். ரிக்கெற் காசு கனடாவில் இருக்கும் மகளின் பொறுப்பு.

முதல் தடவை போகும்போது அறுபத்தொரு கிலோ. பின்னேரம் வந்து இறங்கியவர் விளையாட்டாகத் தராசில் ஏற, ஐம்பத்தெட்டு காட்டியது. தராசு பிழைத்துவிட்டது என்று காலால் ஒரு தட்டுத் தட்டினேன். உடம்பு வெளியே விடமாட்டாத தண்ணீரை ஆஸ்பத்திரி மெசின் எடுத்துவிடும் என்று அவர் விளங்கப்படுத்தினார். ஒரு மனிதனைத் திறந்து மூடி வீட்டுக்கு அனுப்புகிறார்களே என்று நான் வியக்க, அவர் சிரித்தார். "நல்ல தண்ணிக்கு அலையிற ஊரில இருந்து, கிழமைக்கு மூண்டு தரம் தண்ணி கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன் பிள்ளை."

காற்று

ஒரு மாரியில் காற்றால் இரண்டு நாள் படகும் இல்லை, விமானமும் இல்லை. கந்தையா அண்ணைக்கு ஒரு தவணை தவறிவிட்டது. மூன்றாம் நாள் காலை விமானம் வந்தபோது அவர் முகம் வீங்கிப்போய் வந்தார். தராசு அறுபத்தைந்து என்றது. எட்டு ஆசனமும் நிரம்பியிருந்தது. கடல் இன்னும் அடங்கவில்லை, இருபது கிலோ குறைத்தால்தான் எழும்பலாம் என்று விமானி சொல்லியனுப்பினார்.

யாரை இறக்குவது? நிறை எழுதிய கடதாசியைப் பிடித்துக்கொண்டு, இருபது கிலோ இறக்கவேண்டும் என்று தொடங்கினேன். நான் சொல்லி முடிக்குமுன், லீவில் கனடாவிலிருந்து வந்த ஒருவர் தன் பெட்டியைத் தூக்கி என் காலடியில் வைத்தார். சற்று முன்னர்தான் அதே பெட்டியின் நிறைக்காக என்னோடு சண்டை பிடித்தவர் அவர். அவரைப் பார்த்துக் கருவாட்டுப் பை வந்தது, பனங்கிழங்கு ஒடியல் மூட்டை வந்தது. இருபது கேட்டேன், நாற்பது வந்து குவிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கனடாக்காரர் மட்டும் இன்னும் கோபமாகவே இருந்தார். "பெட்டி நாளைக்கு வரலாம் தங்கச்சி, அவருக்கு நாளைக்குச் சரிவராது."

கடைசிப் பறப்பு

பிறகு எரிபொருள் விலை ஏறியது, வெளிநாட்டுச் சனம் குறைந்தது. இரண்டு மூன்று பேரோடு பறந்தோம். ஒருநாள், அடுத்த வெள்ளியோடு சேவை நிற்கும் என்று கடிதம் வந்தது. கந்தையா அண்ணைக்கு அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

அந்த வெள்ளி அவர் ஒருவர்தான் பயணி. திரும்பவும் பட்டணத்து அறைக்கு. மாடுகளைப் பார்க்கவென்று மனைவி ஊரில் நிற்கிறார். அவர் பையை நிறுத்தேன். இரண்டு சேட்டும் கட்டிக்கொள்ள ஒரு சாரமும். "பத்துக் கிலோ கொண்டுபோகலாம் அண்ணை, இதில ரண்டு கிலோவும் இல்லையே" என்றேன். அவர் திரும்பி, துறைக்கு அப்பால் கல்வேலிகளையும் பனைகளையும் கொஞ்சநேரம் பார்த்தார். "பத்துக் கிலோவுக்குள்ள நெடுந்தீவில எதையெண்டு பிள்ளை எடுக்கிறது?"

நிறை கூடினால் விமானம் எழும்பாது என்று இரண்டு வருசம் நெஞ்சிடியோடு நிறுத்த எங்களுக்கு, நிறை குறைந்தாலும் அது எழும்பாது என்பதைக் கடைசிவரை யாரும் சொல்லித் தரவில்லை.