உறையில் தங்கிய கைநாட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் உறை கிடக்கிறது. உள்ளே தாள் இல்லை. உட்புறத்தில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை மட்டும் ஒட்டியிருக்கிறது. அதைக் குப்பையில் போட எனக்கு இன்றுவரை கை வரவில்லை.

திண்டுக்கல்லில் பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. நிலக்கோட்டைப் பக்கம் என் அத்தைக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருந்தது. மாமா போனபின் அவளுக்குச் சோறு போட்டது அதுதான். மாமா காலத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரோடு மாற்றிக்கொண்ட நிலம் அது. மாமா தன் மேட்டுக்காட்டைக் கொடுத்தார். பெரியவர் கிணற்றடி நிலத்தைக் கொடுத்து வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்தார். பதிவு செய்யவில்லை, பட்டாவையும் மாற்றவில்லை. தீர்வையைக்கூட அவரவர் பழைய நிலத்துக்கே கட்டிவந்தார்கள். முகம் பார்த்துப் பழகியவரைப் பதிவு ஆபீசுக்குக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் அவரை நம்பாததற்குச் சமம்.

அந்தத் தாள் மடிப்பில் கிழிகிறதென்று அத்தை கொண்டுவந்தாள். அப்போதுதான் வாங்கியிருந்த லேமினேஷன் மெஷினில் நானே விட்டெடுத்துக் கொடுத்தேன். "இனி நூறு வருசம் தாங்கும் அத்தை" என்று பீற்றிக்கொண்டேன். கைநாட்டு வைத்த தாளைப் பிளாஸ்டிக்கில் அடைக்கக் கூடாதென்ற புத்தி பத்திரம் எழுதுகிறவனுக்கு வேண்டாமா?

பெரியவர் இறந்ததும் அவர் மகன் பட்டாவைக் காட்டி, தோட்டத்தைக் காலி செய்யச் சொன்னான். தாளில் இருப்பது அப்பா கைநாட்டே இல்லை என்று சாதித்தான். பதியாத தாள் உரிமை தராது, ஆனால் அத்தை அந்த நிலத்துக்கு எப்படி வந்தாள் என்பதற்குச் சாட்சியாக நிற்கும் என்றார் எங்கள் வக்கீல். ரேகையை நிபுணர் பார்க்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது என்றும் சொன்னார். நான் பிளேடும் கையுமாக உட்கார்ந்தேன். பொறுமையாகத்தான் உரித்தேன். எழுத்தெல்லாம் தாளில் நின்றது. ரேகை பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

அத்தை தாளையும் உறையையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏப்பு, இதைத் திரும்ப ஒட்ட முடியாதா?" என்றாள். நான் உறையைத் தாளின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன். "நீ நல்லதுக்குத்தான செஞ்ச, விடு அப்பு" என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

தாளைவிட்டுப் பிரிந்த ரேகை அந்தத் தாளில் வைத்ததுதான் என்று நிரூபிக்க வழியில்லாமல் வழக்கு தோற்றது. பட்டாப்படி அவளுக்கு மிஞ்சியது பழைய மேட்டுக்காடு. பெரியவர் வீட்டார் அதில் செங்கல் சூளைக்கு மண்ணெடுக்கவிட்டு, எப்போதோ ஆளுயரப் பள்ளமாக்கியிருந்தார்கள். அத்தை இப்போது அதே கிணற்றடித் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கிறாள்.

சில நாட்களில் அந்த உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு கோடுகூட அழியவில்லை. நான் சொன்னபடியே நூறு வருசம் தாங்கும்.